பரையா: ஓர் ஆங்கிலச் சொல்லின் தலபுராணம்

போன மாசியில் தீர்த்தமலைத் தேர் முடிந்த மறுநாள் மலை ஏறினோம். கூட்டம் வடிந்திருந்தது. பாதிப் படியில் நிழல் பார்த்து உட்கார்ந்ததும் நண்பன் மொபைலை எடுத்துவிட்டான். பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறான். தினமும் இருபது ஆங்கிலச் சொல் மனப்பாடம் என்று கணக்கு. திடீரென்று போனை என் பக்கம் நீட்டி, "டேய், இத எப்படிச் சொல்லணும்?" என்றான்.

பி, ஏ, ஆர், ஐ, ஏ, எச். கீழே அர்த்தம்: சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர், எல்லோராலும் வெறுக்கப்படுபவர். ஒத்த சொற்கள் என்று அவுட்காஸ்ட், லெப்பர், அன்டச்சபிள் மூன்றும் வரிசையாக நின்றன.

"பரையா. 'ரை'யில அழுத்தணும்" என்றேன், பெரிய வாத்தியார் மாதிரி.

ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். பிறகு சிரிக்காமல் கேட்டான்: "ற போட்டுச் சொன்னா கேஸு, ர போட்டுச் சொன்னா மார்க்கா?"

அவன் அப்பா பறையடிப்பவர். அவனும் அடிப்பான். நான் அந்தச் சாதி இல்லை. அந்தச் சொல் எங்கள் வீட்டில் வசவாகப் புழங்கிக் கேட்டு வளர்ந்தவன். கல்லூரியில் ஒரு கதாபாத்திரத்தைப் பற்றி ஆங்கிலக் கட்டுரை எழுதியபோது இதே சொல்லைப் போட்டு, நல்ல சொல் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டதும் நான்தான். வீட்டில் கேட்ட வசவும் கட்டுரையில் எழுதிய சொல்லும் ஒன்றுதான் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது அது கழுவித் துடைத்த பாத்திரம்போல இருந்தது.

ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்கள் என்று ஒரு பட்டியல் அடிக்கடி நம் கண்ணில் படும். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி, கூலி. பகிர்கிறவர்களுக்கு ஒரே பெருமை. அந்தப் பட்டியலில் இந்தச் சொல்லும் வரும், அல்லது நைசாக விடுபட்டிருக்கும். வந்தாலும் மிளகுத்தண்ணிக்குப் பக்கத்தில் அதே பெருமையோடு நிற்கும். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், யாரைக் கேட்டுக் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

தீர்த்தமலைக்கு ஒரு தலபுராணம் உண்டு. பூசைக்குத் தண்ணீர் இல்லாமல் ராமர் பாறையில் அம்பு விட்டார், தீர்த்தம் கொட்டியது என்பார்கள். சொற்களின் பிறப்பையும் நாம் இப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம். ஓர் அம்பு, ஓர் ஊற்று, கதை முடிந்தது. 'பறையிலிருந்து பறையர், பறையரிலிருந்து பரையா' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அந்த வரியில் பிழையும் இல்லை. ஆனால் பறையடிப்பவரைக் குறித்த சொல் எந்த இடத்தில் வெறுக்கப்படுபவரைக் குறித்தது என்பதை அது சொல்லாது.

சொல் பழசு. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் நான்கு குடிகளைச் சொல்லும்போது துடியன், பாணன், கடம்பனோடு பறையனும் வருகிறான். இந்த நான்கைத் தவிர வேறு குடியே இல்லை என்கிற தொனி அந்தப் பாட்டுக்கு. இழிவு ஒரு துளி கிடையாது. அதன்பின் சுமார் ஆயிரம் ஆண்டு கழித்து ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டில் 'பறைச்சேரி' வருகிறது. நில அளவையில் தனியாகக் கழித்துக் காட்டப்படும் ஒரு குடியிருப்பு. இடைப்பட்ட காலத்தில் நடந்ததற்கு நாம்தான் பொறுப்பு. வெள்ளைக்காரன் மேல் போட வழியில்லை.

பிறகு போர்ச்சுக்கீசியர். மலபார்க் கரையைப் பற்றி 1516 வாக்கில் எழுதிய துவார்த்தே பார்போசாவிடம் இந்தப் பெயர் இருக்கிறது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அச்சுக்கு வந்துவிடுகிறது. வந்தது பன்மை வடிவம், 'பறையர்'. அதை ஒருமையாக்கிக்கொண்டார்கள். ற அவர்கள் வாயில் நுழையவில்லை. ற போனதும் பறையும் கூடவே போய்விட்டது. ஆங்கிலச் சொல்லைக் கேட்கிற யாருக்கும் அதற்குள் ஒரு தோல்கருவி இருப்பது கேட்காது.

சொல்லகராதிகளிலேயே ரசமானது ஹாப்சன்-ஜாப்சன். யூலும் பர்னலும் தொகுத்தது, 1886இல் வெளிவந்தது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தமிழ்நாடு தெரிந்தவர். நூல் அச்சாகும் முன் 1882இலேயே இறந்துவிட்டார். இந்தச் சொல்லுக்கான பதிவைப் படித்தால் ஒரே பத்தியில் இரண்டு மனிதர்கள் பேசுவது போலிருக்கும். ஒருவர் நிதானமானவர். சொல்லின் நேர்ப்பொருள் பறை அடிப்பவர் என்கிறார். சாதியே இல்லாதவர், சாதியிலிருந்து தள்ளப்பட்டவர் என்ற பொருளில் ஐரோப்பியர் இதைப் புழங்குவது சரியல்ல, இது தமிழ்நாட்டின் பழமையான, உட்பிரிவுகளோடு கூடிய தனிச்சாதி என்கிறார். இன்னொருவர், அதே பத்தியில், வெள்ளையர் வீட்டு வேலைக்காரர்களில் பெரும்பாலோர் இந்தச் சாதியிலிருந்து வருவது துரதிர்ஷ்டம் என்று அடைப்புக்குறிக்குள் முணுமுணுக்கிறார். உணவுப் பழக்கம், குடி என்று அருவருப்போடு அடுக்குகிறார்.

எனக்கு அந்த முணுமுணுப்புதான் முக்கியம். இத்தனை சாதிகள் இருக்க இந்த ஒரு பெயர் மட்டும் உலகம் சுற்றியது ஏன் என்பதற்கு அந்தப் பதிவே காரணம் சொல்கிறது. ஐரோப்பியர் அன்றாடம் பக்கத்தில் பார்த்தவர்கள் இவர்கள். அவர்களுக்குச் சமைத்தவர்கள், குழந்தையைத் தூக்கியவர்கள். ஆக, அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் போனது அடுப்படி வழியாக. சோறாக்கிப் போட்டவர் பெயர்தான் அங்கே 'யாரும் சேர்த்துக்கொள்ளாதவர்' என்று அர்த்தம் ஆனது.

ஆங்கிலத்தில் பொதுப்பொருளில், அதாவது எந்தச் சமூகத்திலும் ஒதுக்கப்பட்ட ஆள் என்ற அர்த்தத்தில், 1819இலிருந்து பதிவு இருக்கிறது. அதற்கு முன்னாலேயே பிரெஞ்சுக்காரர்கள் இதை இலக்கியமாக்கிவிட்டார்கள். ரூசோவின் சீடர் பெர்னார்தீன் த சேன் பியேர் 1791இல் 'இந்தியக் குடிசை' என்ற கதையை எழுதினார். உண்மையைத் தேடி உலகம் சுற்றும் ஆங்கிலேய அறிஞர் ஒருவர் பண்டிதர்களிடம் ஏமாந்து, மழையில் நனைந்து, காட்டுக் குடிசை ஒன்றில் ஒதுங்குகிறார். அங்கே இருக்கும் 'பரையா'விடம் உண்மை கிடைக்கிறது. 1821இல் தெலவீன்ய் இதே தலைப்பில் நாடகம் போட்டார். 1824இல் கெதேயின் மூன்று கவிதைகள் வந்தன. நடுக்கவிதையில் இருப்பது நம்மூர் ரேணுகா, மாரியம்மன் கதை. தலை ஒருத்தியுடையது, உடல் இன்னொருத்தியுடையது. 1838இல் ஃப்ளோரா திரிஸ்தான் தன் பெரு பயண நூலுக்கு ஒரு பரையாவின் யாத்திரைகள் என்று பெயர் வைத்தார். கணவனைப் பிரிந்த பெண்ணாக, தந்தையின் சொத்தில் உரிமை மறுக்கப்பட்டவளாகத் தன்னைச் சொல்ல அவருக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது.

இவை எல்லாம் இரக்கத்தோடு எழுதப்பட்டவை. அதில் சந்தேகமில்லை. ஆனால் சேன் பியேரின் நாயகனைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அவனுக்குப் பண்ணையார் கிடையாது. கூலி பாக்கி கிடையாது. தோட்டம் இருக்கிறது, மனைவி இருக்கிறாள், மன அமைதி இருக்கிறது. ஊரே அவனை விட்டுவிட்டது, அதனால் அவன் சுதந்திரமானவன். இதைவிடப் பெரிய தலைகீழ் இருக்க முடியாது. இங்கே ஊருக்கு வெளியே வைத்தது வீட்டைத்தான், வயலுக்கு வெளியே யாரையும் வைக்கவில்லை. பண்ணையாளாகக் கட்டுண்டவர் ஓடிப்போக நினைத்தாலும் போகவிடமாட்டார்கள். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்கீர் இதைத்தான் அறிக்கையாக எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது அதிலிருந்துதான். ஒதுக்கப்பட்டவர் என்றால் 'போ' என்று அனுப்பப்பட்டவர். பறையரை யாரும் போ என்று அனுப்பவில்லை. தொடாதே, ஆனால் போகாதே என்றார்கள். இரண்டாவது பாதியை ஆங்கிலச் சொல் தொலைத்துவிட்டது.

தொலைத்ததோடு நிற்கவும் இல்லை. இன்றைய செய்தித்தாள் ஆங்கிலத்தில் ஒருவர் பரையா ஆவதற்கு ஏதாவது தப்பு செய்திருக்க வேண்டும். ஊழலில் மாட்டிய அரசியல்வாதி, பாலியல் புகாருக்குள்ளான நடிகர், அணுகுண்டு வெடிக்கும் நாடு. 'பரையா ஸ்டேட்' என்பது சர்வதேச அரசியலில் புழங்கிப்போன கலைச்சொல். அந்தச் சொல் அதிகம் ஒட்டிக்கொண்ட நாடுகளில் ஒன்று நிறவெறிக் காலத் தென்னாப்பிரிக்கா. தனிக் குடியிருப்பு, தனிப் பாதை, தனிக் குழாய் என்று மனிதரைப் பிரித்துவைத்த அரசு அது. அதை உலகம் தள்ளிவைத்தபோது, திட்டுவதற்கு எடுத்த பெயர், இங்கே அப்படிப் பிரித்துவைக்கப்பட்ட மக்களுடையது. பிரித்துவைத்தவர்களின் பெயரை எடுத்திருந்தால் ஒரு நியாயம் இருந்திருக்கும். எந்த ஆங்கிலத் தலையங்கமும் இதில் தடுக்கி விழுந்ததாக எனக்குத் தெரியவில்லை.

எங்கள் மாவட்டத்தில் 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என மூன்று குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. ஒரு பெண்ணும் பையனும் காதலித்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். மற்றபடி அந்த வீடுகளில் இருந்தவர்கள் என்ன தப்பு செய்தார்கள் என்று எந்த அகராதி சொல்லும்?

ஹன்னா அரெண்ட் 1944இல் யூதரைப் பரையாவாகப் பார்த்து எழுதிய கட்டுரை எனக்குப் பிடித்த ஒன்று. வெபர் 'பரையா மக்கள்' என்று யூதரை வகைப்படுத்தியதை வாங்கி, அதைத் தலைநிமிர்ந்த ஒன்றாக மாற்றுகிறார். ஹைனே, லசார், சாப்ளின், காஃப்கா என்று நான்கு பேர் வழியாக. ஒதுக்கப்பட்டவன் அதை உணர்ந்து, அதையே தன் பலமாக்கிக்கொள்கிறான். அருமையான வாதம். ஆனால் நான்கு பேருமே ஐரோப்பியர். கடன் வாங்கிய வீட்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம். 1893லேயே இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்துவிட்டார். உணர்ந்து எடுத்துக்கொள்வது என்றால் அதுதானே?

எதிர்ப்பக்கத்தில் அயோத்திதாசர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியவர். அது எங்கள் பெயரே அல்ல, பௌத்தர்களான எங்கள் மேல் பகைவர் ஒட்டியது என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். அவருடைய சொல்லாராய்ச்சியில் பல இடங்களை மொழியியலாளர் ஏற்கமாட்டார்கள். நானும் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் ஒரு பெயரை யார் யாருக்கு வைத்தார்கள் என்று கேட்கலாம் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அகராதிகள் அல்ல, அவர்தான். 1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாண அரசு ஆவணங்களில் 'ஆதி திராவிடர்' வந்தது. ஆங்கில அகராதிக்கு அந்த அரசாணை போய்ச் சேரவில்லை.

இந்தச் சண்டை கடல் தாண்டியும் நடந்தது. அப்துல்லா உசேனின் 'இன்டர்லோக்' 1971இல் வந்த மலாய் நாவல். அதைப் பள்ளிப் பாடமாக வைத்தபோது 2011இல் மலேசியத் தமிழர்கள் கொதித்தார்கள். குடியேறி வந்த தமிழரைப் 'பரியா' சாதி என்று நாவல் சொல்கிறது. மலாயில் அந்தச் சொல் தமிழரை இழிவுபடுத்தும் வசவு. அந்த ஆண்டு முடிவதற்குள் புத்தகம் பாடத்திட்டத்திலிருந்து போனது. கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்துக்குள் இரண்டு குரல்கள் இருந்தன. ஒன்று, எங்கள் பிள்ளைகளை வகுப்பறையில் இந்தச் சொல்லால் அடிக்காதே என்றது. இன்னொன்று, நாங்கள் 'அவர்கள்' இல்லை என்றது. இரண்டாவது குரல் வேறு எங்கிருந்தோ வரவில்லை. எங்கள் வீட்டிலும் அதே குரல்தான்.

நாய்கள் விஷயத்தில் மட்டும் ஆங்கிலம் கொஞ்சம் திருந்தியிருக்கிறது. தெருநாய்க்கு அது வைத்த பெயர் 'பரையா டாக்'. இப்போது நகரத்து நாய்ப்பிரியர்கள் அது நாய்க்கு மரியாதைக் குறைவு என்று 'இண்டி' என்கிறார்கள்.

பறை நிலைமையும் மாறியிருக்கிறது. சாவுக்கு மட்டும் என்றிருந்தது கல்லூரி விழாவுக்கு வந்துவிட்டது. 2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எங்கள் ஊர் நண்பனிடம் சாதி பார்க்கிற பையன்களே அடி கற்றுக்கொள்ள வருகிறார்கள். தோலை எவ்வளவு நேரம் தீயில் காய்ச்சணும், இடது கையில் மெல்லிய குச்சியை எப்படிப் பிடிக்கணும் என்று கேட்கிறார்கள். அவன் சொல்லிக்கொடுக்கிறான். கருவி மேலே ஏறி வந்துவிட்டது, பெயர் இன்னும் கீழேயே நிற்கிறது.

அன்று மலையில் தீர்த்தம் கொட்டும் இடத்தில் நனைந்துவிட்டு இறங்கினோம். நான் மேலே எழுதியதில் பாதியை அவனிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டான். அரூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் பையிலிருந்து நோட்டை எடுத்தான். அன்றைய இருபது சொற்களையும் எழுதினான். பதினேழாவது அது. எதிரே 'பறை அடிப்பவர்கள், பன்மை' என்று எழுதினான்.

"எக்ஸாம்ல அது தப்பு" என்றேன்.

"தெரியும்டா" என்று சொல்லிவிட்டுப் பதினெட்டாவதை எழுத ஆரம்பித்தான்.