பள்ளிக்குப் பிறகான ஆண்டுகள்: கனடாவின் பூர்வகுடி நாவல்கள்

கனடாவின் உறைவிடப் பள்ளிகளைப் பற்றிய புனைவுகளைக் காலவரிசையில் படித்துக்கொண்டு வந்தால் ஒரு நகர்வு தெரியும். கதையின் பாரம் பள்ளிக்கூடத்தின் சுவர்களுக்குள்ளிருந்து மெல்ல வெளியேறி, பிள்ளைகள் அங்கிருந்து வந்த பிறகு வாழ்ந்த ஆண்டுகளின்மேல் இறங்குகிறது. க்ரீ இனத்தைச் சேர்ந்த மிஷெல் குட் 2020-இல் வெளியிட்ட 'ஃபைவ் லிட்டில் இண்டியன்ஸ்' நாவலில் இந்த நகர்வு முழுமையடைகிறது. கொடுமையை இன்னும் உரக்கச் சொன்னதால் அந்த நாவல் முக்கியமானதாகிவிடவில்லை. அசாதாரணத் திறமை எதுவும் இல்லாத சாதாரண மனிதர்கள் உடைந்த வாழ்க்கையை எப்படித் திரும்பக் கட்டுகிறார்கள், சிலரால் ஏன் கட்ட முடியாமல் போகிறது என்பதை அது மையத்தில் வைத்தது. இத்துறை முப்பது ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்த வடிவம் அதுதான் என்பது என் வாதம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1880களிலிருந்து 1990களின் பிற்பகுதி வரை, அரசு பணம் கொடுக்க, கிறித்தவத் திருச்சபைகள் நடத்திய பள்ளிகளில் ஏறத்தாழ 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைக்கப்பட்டார்கள். தலைமுடி வெட்டப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது, தாய்மொழி பேசினால் அடி விழுந்தது. காசநோய் பிள்ளைகளைக் கொன்றுகொண்டிருக்கிறது என்று அரசு மருத்துவர் பீட்டர் பிரைஸ் 1907-இலேயே அறிக்கை கொடுத்தார். அப்படியிருந்தும் 1920-இல் சட்டம் திருத்தப்பட்டு வருகை கட்டாயமாக்கப்பட்டது. அதை முன்னின்று செய்த அதிகாரி டங்கன் கேம்பெல் ஸ்காட், அந்த நாட்டின் பெயர்பெற்ற கவிஞர்களில் ஒருவர். பூர்வகுடிகளை மறைந்துகொண்டிருக்கும் இனமாகப் பாடியவரும் அவரே, அவர்கள் மறைவதற்கான ஏற்பாடுகளைக் கோப்புகளில் கையெழுத்திட்டு நடத்தியவரும் அவரே. பிற்காலத்துப் பூர்வகுடி எழுத்தாளர்கள் எதிர்கொள்ள வேண்டியிருந்தது அரசை மட்டுமில்லை, இப்படியொரு இலக்கிய மரபையும்தான்.

எழுத்து முதலில் நினைவுக்குறிப்பாக வந்தது. ஒண்டாரியோவின் ஸ்பானிஷ் ஊரில் இயேசு சபையினர் நடத்திய பள்ளியில் படித்த பேசில் ஜான்ஸ்டன் 1988-இல் தன் பள்ளி நாட்களை எழுதினார். பசியும் வேலையும் அதில் இருந்தாலும், பாதிரியார்களை ஏமாற்றிச் செய்த குறும்புகளும் பையன்களின் தோழமையும்தான் முன்னால் நின்றன. தன்மீது நடந்த பாலியல் வன்முறையைப் பற்றி அந்தப் புத்தகத்தில் அவர் பேசவில்லை. பல ஆண்டுகள் கழித்து, வேறொருவரின் ஆய்வு நூலுக்கு எழுதிய முன்னுரையில்தான் அதைச் சொன்னார். இது அவருடைய குறை ஆகாது. ஒரு மனிதர் தன் பெயரிலேயே தன் வாழ்க்கையை எழுதும்போது, ஊரும் உறவும் பிள்ளைகளும் அதைப் படிக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு எங்கே போகும்? பூர்வகுடித் தலைவர் ஃபில் ஃபொன்டேன் 1990-இல் தொலைக்காட்சியில் தான் அனுபவித்ததைப் பகிரங்கமாகச் சொன்னபோது நாடே அதிர்ந்தது என்றால், அதுவரை நிலவிய மௌனம் எவ்வளவு கெட்டியானது என்று புரிந்துகொள்ளலாம்.

அந்த மௌனத்தை நாவல் தன் வடிவத்துக்குள்ளேயே எடுத்துக்கொண்டது. டாம்சன் ஹைவே 1998-இல் எழுதிய 'கிஸ் ஆஃப் த ஃபர் குயின்' நாவலில் இரண்டு க்ரீ சகோதரர்கள், ஒருவர் பியானோக் கலைஞர், மற்றவர் நடனக் கலைஞர். ஒஜிப்வே எழுத்தாளர் ரிச்சர்ட் வாகமீஸ் 2012-இல் எழுதிய 'இண்டியன் ஹார்ஸ்' நாவலின் சால், பனி ஹாக்கியில் மேதை. விடியுமுன் எழுந்து, உறைந்து கல்லாய்ப்போன குதிரைச் சாணத்தைப் பந்தாக வைத்துப் பனித்தரையில் தனியே பயிற்சி செய்யும் அந்தச் சிறுவனை மறக்க முடியாது. விளையாட்டின் ஆனந்தத்தில் வாசகரையும் இழுத்துச் செல்லும் நாவல், சிறுவனை ஊக்குவித்த பாதிரியாரே அவனைச் சீரழித்தவர் என்பதைக் கடைசிப் பகுதியில்தான் திறக்கிறது. சால் அதை நம்மிடமிருந்து ஒளித்து வைக்கவில்லை, தன்னிடமிருந்தே ஒளித்து வைத்திருந்தார். நேரடிச் சாட்சியத்தால் இதைச் செய்வது கடினம். சாட்சி சொல்ல வருகிறவர் சொல்ல வேண்டியதை ஏற்கெனவே அறிந்திருக்க வேண்டும். அறியாமல் வாழ்ந்த ஆண்டுகளை வாசகரும் சேர்ந்து வாழும்படி வைப்பது நாவல்தான்.

ஆனாலும் இந்த இரண்டு நாவல்களிலும் ஒரு சங்கடம் உண்டு. மீள்வதற்கு ஒரு வரம் வேண்டும் என்று அவை சொல்லாமல் சொல்லிவிடுகின்றன. விரல்களில் இசையோ கால்களில் வேகமோ இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? க்விச்சின் எழுத்தாளர் ராபர்ட் ஆர்தர் அலெக்ஸி 2002-இல் எழுதிய 'போர்க்குபைன்ஸ் அண்ட் சைனா டால்ஸ்' இதற்கு வேறு திசையில் பதில் தேடியது. மக்கென்ஸி ஆற்றுக் கழிமுகத்தின் சிற்றூர் ஒன்றில் குடியும் தற்கொலை நினைப்புமாக நாட்களைத் தள்ளும் ஆண்கள், ஒருநாள் ஊரார் முன்னிலையில் எழுந்து நடந்ததைச் சொல்கிறார்கள். சொன்ன பிறகும் விடிந்துவிடுவதில்லை. மறுபடியும் குடி, மறுபடியும் சாவு. எழுத்து கரடுமுரடானது, ஒரே சொற்றொடர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் பேசிவிட்டால் குணமாகிவிடும் என்ற சுலபமான நம்பிக்கையை இவ்வளவு நேர்மையாகச் சோதித்த புத்தகம் இந்த வரிசையில் வேறில்லை. அதற்குக் கிடைத்த கவனம் மிகக் குறைவு என்றே நினைக்கிறேன்.

மிஷெல் குட் எடுத்துக்கொண்டது ஐந்து பேரை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடலோரப் பள்ளியில் வளர்ந்த இவர்களில் யாருக்கும் வரம் கிடையாது. லூசியைப் பதினாறு வயதில், உலகம் இன்னதென்று தெரியாத நிலையில், வான்கூவர் போகும் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். நகரத்தில் அவளுக்குக் கிடைப்பது விடுதி அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. எண்ணிக்கொண்டே இருப்பது, பொருட்களை அடுக்கிக்கொண்டே இருப்பது என்று பயத்தைப் பழக்கமாக்கி அடக்கி வைக்கிறாள். பள்ளியிலிருந்து படகில் தப்பி வீடு சேர்ந்த கென்னிக்குப் பழைய அம்மா இல்லை. மகனைப் பறிகொடுத்த ஆண்டுகளில் குடி அவளைத் தின்றிருக்கிறது. தாயும் மகனும் ஒரே வீட்டில் அந்நியர்களாய் இருக்கும் பக்கங்கள் நாவலின் மிகத் துயரமான பக்கங்கள். கென்னி மீன்பிடி படகுகளுக்கும் ஆப்பிள் தோட்டங்களுக்குமாக ஓடிக்கொண்டே இருக்கிறார், லூசியிடம் வருகிறார், மறுபடியும் ஓடுகிறார். ஹௌவி தன்னைச் சிதைத்த பள்ளி ஊழியனைப் பல ஆண்டுகள் கழித்துக் கண்டு அடித்து நொறுக்கிச் சிறைக்குப் போகிறார். வெளியில் எல்லோருக்கும் ஆதரவாய்த் தெரியும் மெய்சி, இரவுகளில் பழைய அவமானத்தைத் தானே தேடிப்போய் மறுபடி வாங்கிக்கொள்கிறாள், ஒருநாள் போதை மருந்தில் இறந்துபோகிறாள். கிளாரா அமெரிக்க இந்திய இயக்கத்தின் போராட்டத்தில் இறங்கி, மரியா என்ற முதியவளின் வீட்டில் சடங்குகளின் வழியே தன் கோபத்துக்கு ஓர் இடம் கண்டு, பின்பு நீதிமன்றத்தில் தன் மக்களுக்கு உதவும் பணியாளர் ஆகிறாள்.

நாவல் கண்டுகொண்ட உண்மை இங்கேதான் இருக்கிறது. இவர்களை முதலில் தாங்குவது அரசோ திருச்சபையோ மருத்துவமனையோ கிடையாது. அதே பள்ளியில் படித்த இன்னொருவர்தான் தாங்குகிறார். லூசிக்கு மெய்சி ஒரு படுக்கை தருகிறாள், கிளாரா லூசியின் குழந்தையைத் தூக்கிக்கொள்கிறாள். நடந்ததை யாரும் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதே காரணத்தால்தான் அவர்களால் ஒருவரையொருவர் முழுதாகக் காப்பாற்றவும் முடிவதில்லை. மெய்சி எங்கே போகிறாள் என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்குள் இல்லை.

உண்மைச் சாட்சியங்கள் இவ்வளவு இருக்கும்போது புனைவு எதற்கு என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. இப்பள்ளிகளில் நடந்ததை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2008 முதல் 2015 வரை 6,500-க்கும் மேற்பட்டோரின் வாக்குமூலங்களைக் கேட்டது. 2021-இல் காம்லூப்ஸ் பள்ளி வளாகத்தில் ரேடார் ஆய்வு சுமார் 200 கல்லறைகள் இருக்கக்கூடும் என்று காட்டிய பிறகு, நடந்ததையே மறுக்கும் குரல்கள் கிளம்பியிருக்கின்றன. இந்த நேரத்தில் கற்பனை கலந்தால் மறுப்பவர்களுக்கு வசதியாகிவிடாதா? அச்சம் நியாயமானது. ஆனால் சட்டம் சாட்சியத்தை எப்படிக் கேட்டது என்பதையும் பார்க்க வேண்டும். உறைவிடப் பள்ளி இழப்பீட்டுக்காக 2006-இல் கையெழுத்தான உடன்பாட்டின்படி, வன்முறைக்கு ஆளானவர்கள் தனித்தனியே, மூடிய அறையில், விசாரணை அதிகாரி முன் பேசினார்கள். நடந்த செயலுக்கு இத்தனை புள்ளி, அதனால் விளைந்த பாதிப்புக்கு இத்தனை, இழந்த வாய்ப்புக்கு இத்தனை என்று அட்டவணை போட்டு, புள்ளிகள் டாலராக மாற்றப்பட்டன. 38,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள், 300 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு. சாட்சி சொன்னவர் தாமே விரும்பிக் கேட்டாலொழிய அந்த ஆவணங்கள் 2027-இல் அழிக்கப்பட வேண்டும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பதால் தீர்ப்பு சரியானதே. ஆனால் அதன் விளைவாக, மிக விரிவான சாட்சியங்களில் பெரும்பகுதி யாரும் படிக்காமலேயே போய்விடும். குட் வழக்கறிஞராக இருந்தவர், பாதிக்கப்பட்டோருக்காக வாதாடியவர், அவருடைய தாயே இப்பள்ளிகளில் படித்தவர். ஒருவரின் இரகசியத்தையும் வெளியிடாமல் எல்லோருக்கும் நேர்ந்ததைச் சொல்ல அவர் நாவலுக்கு வந்தது தற்செயலாக நடந்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு குற்றச்சாட்டு, இத்தகைய நாவல்கள் வெள்ளை வாசகரின் கண்ணீருக்காக எழுதப்படுகின்றன, மரபுச் சடங்குக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகும் என்ற சூத்திரம் அவற்றில் உண்டு என்பது. குட்டின் நாவல் கவர்னர் ஜெனரல் விருது பெற்றது, 2022-இல் 'கனடா ரீட்ஸ்' புத்தகப் போட்டியில் வென்று பெருவாரியாக விற்றது. அதன் நடை எளிமையானது, சில சந்திப்புகள் மிகச் சௌகரியமாக அமைகின்றன. இவற்றை ஒப்புக்கொள்கிறேன். மரியாவின் வீடு கிளாராவுக்குக் கொஞ்சம் அதிகமாகவே கைகொடுக்கிறது. ஆனால் சூத்திரம் என்றால் எல்லோருக்கும் பலிக்க வேண்டும். கென்னிக்குக் காதல் இருந்தது, உழைப்பு இருந்தது, மகள் இருந்தாள். அப்படியும் குடியும் உடைந்த உடலும் அவரைக் கொண்டுபோகின்றன. ஒரே பள்ளி, ஒரே கொடுமை, வெவ்வேறு முடிவுகள். ஏன் என்பதற்கு நாவல் காரணம் சொல்லாமல் விடுவது சரியான முடிவு. காரணம் சொல்லப் புகுந்தால் இறந்தவர்கள்மேல் பழி விழும்.

துறை இன்னும் நிரப்பாத இடங்கள் நிறைய இருக்கின்றன. முதன்மையானது பிள்ளைகளின் தலைமுறை. கென்னிக்கும் லூசிக்கும் பிறந்த கென்ட்ரா, வந்து வந்து மறையும் தகப்பன்மேல் கொள்ளும் கோபத்துக்கு நாவலில் கிடைப்பது சிறிய இடம். வாகமீஸே அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர். பெற்றோர் உறைவிடப் பள்ளியில் வளர்ந்தவர்கள், அவர் அந்நியர் வீடுகளில் வளர்ந்தவர். மெட்டீ எழுத்தாளர் கத்தரினா வெர்மெட் 2016-இல் வெளியிட்ட 'த பிரேக்' வின்னிபெக் நகரத்துப் பெண்களின் பல தலைமுறைகளைக் கொண்டு அந்தக் களத்தில் நுழைந்திருக்கிறது. பள்ளியைக் கண்ணால் பார்த்திராதவர்கள் அதன் பலனை எப்படிச் சுமக்கிறார்கள் என்று, கென்ட்ராவின் வயதுக்காரர்களின் இடத்தில் நின்று எழுதும் நாவல்களுக்கான தேவை இப்போதே எழுந்துவிட்டது.