லயனல் வென்டின் இல்லமும் மலையகத்தின் குரலும்

ஈழத்து நவீன ஓவியத்தின் வரலாற்றை எழுதுவோர், கொழும்பில் லயனல் வென்ட் வாழ்ந்த ‘அல்போராடா’ இல்லத்திற்கு முதலிடம் வழங்குவது வழக்கம். அது பொருத்தமானதே. பறங்கியத் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் 1900இல் பிறந்த வென்ட், இங்கிலாந்தில் சட்டமும் பியானோவும் ஒருங்கே கற்று 1924இல் நாடு திரும்பினார். சட்டத் தொழிலைக் கைவிட்டு இசையையும், பின்னர் ஒளிப்படக் கலையையும் மேற்கொண்டார். மணம் புரியாத அவரது இல்லம், மேட்டுக்குடிக் குடும்ப ஒழுங்கிற்குப் புறம்பாய், கலைஞர்கள் கூடும் களமாயிற்று. ஓவியர் ஜோர்ஜ் கீற்றும், 1929-1930 காலத்தில் சிலி நாட்டுக் கொன்சலாயிருந்த பாப்லோ நெரூடாவும் அவ்வட்டத்தில் இடம்பெற்றனர். ‘43 குழு’ 1943 ஆகஸ்டில் அங்கேயே உருவாயிற்று. ஆண் உடலை அழகின் பொருளாக்கிய வென்டின் படங்கள், 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை ஆண்களிடை உறவைக் குற்றமாகக் கொண்டிருந்த சூழலில் எடுக்கப்பட்டவை. ஆதலின் அவ்வில்லத்தின் சுதந்திரத்தை வெறும் செல்வர் களியாட்டமெனத் தள்ளிவிடுதல் தகாது.

ஆயின் அச்சுதந்திரத்தின் எல்லை யாது? மலையகத்திலிருந்து நோக்குவோர்க்கு இவ்வினா தவிர்க்கவியலாதது. பசில் றைற் இயக்கிய ‘சோங் ஒப் சிலோன்’ என்னும் விவரணப்படம் 1934இல் வெளிவந்தது. அதனைத் தயாரிக்கப் பணம் வழங்கியது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. அப்படத்தின் குரல் வென்டினுடையது; அவர் வாசித்ததோ றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகள். தேயிலை வணிகப் பயிராக லூல்கந்துரையில் நடப்பட்டது 1867இல். எனவே தேயிலைப் பணத்தில் எழுந்த படத்தின் உரை, தேயிலைக்கு இரு நூற்றாண்டுகள் முந்தியது. தோட்டத் தொழிலாளர் பற்றி ஒரு சொல்லும் அதில் இருத்தற்கு இடமில்லை. வாணிகக் குரல்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கிய படம், கொழுந்து பறித்தோரின் மொழிக்கு அத்தகைய இடம் அளிக்கவில்லை.

அதே காலத்தில் மலையகத்தில் பிறிதொரு வழமை மீறிய இல்லறமும் கலையை வளர்த்தது. 1931இல் ஹற்றனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மாளும் இல்லத்திற்கும் இயக்கத்திற்கும் இடையே வேலியிடவில்லை. பெண் பொதுமேடை ஏறுதல் அரிதாயிருந்த அந்நாளில், அம்மையார் தாமே புனைந்த பாடல்களைத் தொழிலாளர் கூட்டங்களிற் பாடினார். பியானோ இல்லை, ஒளிப்படக் கருவி இல்லை, கேட்டோர் லயக் காம்பிராக்களிலிருந்து வந்தோர்.

இவ்விரு இல்லங்களையும் ஒப்பிடுவதன் நோக்கம் ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துவதன்று. கண்டிய நடனத்தைப் பேணுதற்கு வென்ட் ஆற்றிய பணி மறுக்கவியலாதது. எனினும் ‘தேசியக் கலை’ என அவ்வட்டம் கண்டெடுத்தது தொன்மையின் அழகையே. அந்நாட்டின் ஏற்றுமதிச் செல்வத்தைப் படைத்தோரின் சமகால வாழ்வு அதன் மையப்பொருளாகவில்லை. மலையக நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுக்கும் பணி, வட்டகொடைப் பகுதியின் மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையைக் காத்திருந்தது.

வென்ட் 1944இல் மறைந்தார். இல்லமிருந்த இடத்தில் 1953 முதல் அவர் பெயரால் அரங்கொன்று நிலைபெற்றுள்ளது. மீனாட்சியம்மாளின் பாடல்களோ பெரும்பாலும் மலையக ஆய்வாளர் வட்டத்தினுள்ளேயே பேசப்படுகின்றன. ஈழத்து நவீனத்துவத்தின் முழுமையான வரலாறு இவ்விரு இல்லங்களையும் ஒரே அத்தியாயத்தில் வைத்து எழுதப்படல் வேண்டும்.