கலப்புயிர் யாருடைய சொத்து?

மனிதனுக்குப் பின் வரப்போகும் உயிர் எத்தகையது என்பதைக் கற்பனை செய்வது, கூடம் முழுவதையும் ஒரே படைப்பாக அமைக்கும் நிறுவற் கலைஞர்க்கு இன்று விருப்பப் பொருளாகியிருக்கிறது. யாளியையும், பெண்முகமும் பசுவுடலும் கொண்ட காமதேனுவையும் திருவிழாத்தோறும் தோளிற் சுமந்துவந்த நமக்குக் கலப்புருவம் அதிசயமன்று. உருவத்தின் விசித்திரத்தை மட்டும் கொண்டு இக்கலையை மதிப்பிட முடியாது.

கொழும்பிலே 1988இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே அவுஸ்திரேலியாவிற் குடியேறிய தமிழர் ரமேஷ் மாரியோ நித்தியேந்திரன். அவர் 2016இல் கன்பரா தேசியக் கலைக்கூடத்தில் 'மண் மனிதர்' என்னுங் கண்காட்சியை அமைத்தார். பல தலை, பல கை. ஆணும் பெண்ணும் விலங்கும் தெய்வமும் ஒன்றிலொன்று புகுந்த சுடுமண் உருவங்கள். (நிழற்படங்களிற் கண்டே எழுதுகிறேன்.) கோயிலற்ற இச்சிலைகளில் எவர்க்கும் அடங்காத துடுக்கு உண்டு, அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆயினும் அவை பழைய தெய்வங்களின் பேரப்பிள்ளைகள், ஆய்வுகூடத்திற் பிறந்தவையல்ல.

ஆய்வுகூடத்துப் பிறவியைக் காட்டியவர் அதே நாட்டுச் சிற்பி பற்றிஷியா பிச்சினினி. அவரது 'இளங் குடும்பம்' 2003இல் வெனிஸ் கலைவிழாவில் வைக்கப்பட்டது. சிலிக்கோன் தோல், மனித மயிர். பாதி பன்றியும் பாதி பெண்ணுமான ஒரு தாய், களைத்த கண்களோடு குட்டிகளுக்குப் பால் கொடுத்துக் கிடக்கிறாள். மனிதருக்கு மாற்றுறுப்பு வழங்கவென வளர்க்கப்படும் உயிராக அவளைச் சிற்பி கற்பித்தார். 2022இல் பால்ரிமோரில் மரபணு மாற்றிய பன்றியின் இதயம் ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டபோது, அக்கற்பனை பாதி மெய்யாயிற்று. இரண்டு மாதமளவில் அவர் இறந்தார்.

அத்தாயின் கண்கள் நம்மை இரங்க வைக்கின்றன. அது படைப்பின் வெற்றி. குறையும் அங்கேயே தொடங்குகிறது. இவளை நேசிப்பாயா என்று வினவும் சிற்பி, இவள் எவருடைய சொத்து என்று வினவவில்லை. நமது காமதேனுக் கதை வினவியது. வேண்டியதெல்லாம் சுரக்கும் பசுவைக் கண்டதும், வசிட்டரிடமிருந்து அதைப் பறிக்கக் கௌசிக மன்னன் படையோடு நின்றான். இக்காலத்திற் படை வேண்டியதில்லை, பத்திரம் போதும். புற்றுநோய் ஆய்வுக்கென மரபணு மாற்றிய எலிக்கு 1988இல் அமெரிக்காவில் ஹாவார்ட் பல்கலைக்கழகம் காப்புரிமை பெற்றது.

உரும்பிராய்ச் செம்மண்ணிற் கலப்பினத் தக்காளி நடும் தோட்டக்காரருக்கு இது எளிதில் விளங்கும். விளைச்சலை அவரும் மெச்சுவார். ஆனால் அப்பழத்தின் வித்தை எடுத்து மறுபோகம் நட்டால் குணம் சிதறிவிடும். ஆகவே போகந்தோறும் கம்பனிப் பொதிக்கே காசு கொடுக்கவேண்டும். வெனிஸ் மண்டபத்தில் அந்தத் தாயின் காதில் ஒரு விலைச்சீட்டாவது தொங்கியிருக்கலாம்.