கீஸேயின் மேசை

ஓவியர் ஹோல்பைன் என்றாலே எல்லோரும் ‘தூதர்கள்’ படத்துக்குத்தான் ஓடுகிறார்கள். லண்டன் நேஷனல் கேலரியில் அதன் எதிரே நிற்பவர்களில் பாதிப் பேர் ஓரமாக நகர்ந்து, தலையைச் சாய்த்து, அந்தக் கோணல் மண்டை ஓடு நேராகத் தெரியும் இடத்தைத் துழாவிக்கொண்டிருப்பார்கள். தெரிந்ததும் முகத்தில் ஒரு நிறைவு. விடுகதை அவிழ்ந்தாயிற்று, அடுத்த அறைக்குப் போகலாம். அந்தப் படத்தின் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. அறுந்து சுருண்ட லூட் தந்தி, வகுத்தல் கணக்கில் விரித்துவைத்த அபியானின் கணிதப் புத்தகம், பச்சைத் திரைக்குப் பின்னால் பாதி மறைந்த சிலுவை, உலக உருண்டையில் பெயர் குறித்த, தூதர்களில் ஒருவரின் சொந்த ஊரான பொலிஸி வரை எல்லாம் இருக்கிறது. எல்லாம் இருப்பதுதான் சங்கடம். நடுவில் சாமான்கள் பேசிக்கொண்டே இருக்கின்றன. இரு பக்கமும் நிற்கிற இரண்டு பெரிய மனிதர்கள் வாய் திறக்கவில்லை.

என் ஓட்டு அதற்கு முந்தைய வருடம், 1532இல், வரைந்த கியோர்க் கீஸேக்கு. பெர்லின் கெமெல்டகலரியில் இருக்கிறார். ஓக் பலகை, உயரம் 96 சென்டிமீட்டர், அகலம் 86. தூதர்கள் படத்தின் பரப்பில் கால்வாசிகூட இல்லை. காசு கொடுத்து வரையச் சொன்ன உருவப்படங்களில் ஒரு மனிதனின் வாழ்க்கையைச் சாமான்களை வைத்தே சொன்னவை ஏராளம். இதைத் தாண்டிய ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

கீஸேக்கு வயது 34. டான்ஸிக் நகரத்து வணிகர். தேம்ஸ் கரையில் ஹான்சா வணிகர்கள் குடியிருந்த ஸ்டீல்யார்டு வளாகத்தில் கணக்கும் கடிதமுமாகக் காலம் தள்ளுகிறவர். இன்று அந்த இடத்தில் கேனன் தெரு ரயில் நிலையம் நிற்கிறது. படத்தில் அவர் ஒரு கடிதத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். முகவரியைப் பார்த்தால் சகோதரர் போட்டது என்று தெரிகிறது. ஏற்கெனவே வந்தவை சுவரில் அறைந்த மரச்சட்டத்துக்குப் பின்னால் செருகிக் கிடக்கின்றன. மேசைமேல் எழுதுபொருள் பெட்டி, இறகுப் பேனாக்கள், சில்லறை, முத்திரை, கத்தரிக்கோல், சின்ன வட்டக் கடிகாரம். சுவர்த் தட்டுகளிலிருந்து தங்கம் நிறுக்கிற தராசும் சாவிகளும் தொங்குகின்றன. மேசைக்கு விரித்திருப்பது துருக்கிக் கம்பளம். அந்த ரகத்துக்கே இன்று ‘ஹோல்பைன் கம்பளம்’ என்றுதான் பெயர். நெய்தவனுக்கு இல்லாத புகழ் வரைந்தவனுக்கு.

இத்தனையிலும் என் கண் போய் நிற்பது ஓர் உருண்டையின் மேல். தட்டிலிருந்து தொங்குகிற, துளைகளோடு கூடிய உலோக உருண்டை. உள்ளே நூல்கண்டு. கடிதக் கட்டுகளைக் கட்ட வேண்டிய நூலை இழுக்க இழுக்க அது கொடுக்கும். கார்னேஷன் என்றால் நிச்சயதார்த்தம், தராசு என்றால் நீதி, கடிகாரம் என்றால் நிலையாமை என்று அகராதி போட்டு வைத்திருப்பவர்களிடம் இந்த நூலுருண்டைக்குப் பதில் கிடையாது. அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. கட்டு கட்டுவதற்கு நூல் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அது அங்கே தொங்குவதால்தான் மற்றவற்றை நான் நம்புகிறேன். இந்த ஆள் நிஜமாகவே இங்கே உட்கார்ந்து எழுதுகிறான், மடிக்கிறான், நூல் இழுத்துக் கட்டுகிறான், அரக்கை உருக்கி மோதிரத்தை அழுத்துகிறான். அப்படிப்பட்டவனின் மேசையில் ஒரு பூ இருந்தால் அந்தப் பூவுக்கும் ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும்?

என் கட்சி இதுதான்: சாமான் முதலில் புழங்க வேண்டும், அர்த்தம் அதன் பின்னால் தானாக வரவேண்டும். இந்த வரிசை மாறினால் படம் செத்துவிடும்.

பூவுக்கு வருவோம். கம்பளத்தின் மேல், மேசை விளிம்பு ஓரமாக, ஒரு கண்ணாடிக் குவளை. கார்னேஷன்கள், கூடவே ரோஸ்மேரி. கண்ணாடிக்குள் நீர், நீருக்குள் காம்புகள், கண்ணாடியின் வயிற்றில் ஜன்னல் வெளிச்சம். கை தவறிப் பட்டால் விழுந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. கல்யாணம் நிச்சயமாகி ஊரிலிருக்கும் பெண்ணுக்கு அனுப்ப வரைந்த படம் என்று ஒரு சாரார் அடித்துச் சொல்வார்கள். ஆனால் கீஸே டான்ஸிக் திரும்பிக் கல்யாணம் செய்துகொண்டது 1535இல். நடுவே மூன்று வருடம். இன்னொரு சாரார், ஹோல்பைன் அப்போதுதான் இரண்டாம் முறையாக லண்டனுக்கு வந்திருந்தார், ஸ்டீல்யார்டின் மற்ற வணிகர்களையும் பிடிக்க வேண்டும், அதற்காகத் தன் கைவண்ணம் முழுவதையும் இந்த ஒரே பலகையில் இறக்கிக் காட்டினார் என்பார்கள். இதிலும் நியாயம் இருக்கிறது. பின்னால் வரைந்த டெரிக் போர்ன், அதே வருடத்து ஹெர்மன் வெடிக் போன்ற ஸ்டீல்யார்டு முகங்களில் இவ்வளவு சாமான் இல்லை. எது சரி என்று எனக்குக் கவலையில்லை. பூ கல்யாணத்துக்காகவும் இருக்கலாம், வியாபாரத்துக்காகவும் இருக்கலாம். முப்பத்து நான்கு வயது பிரம்மச்சாரி வணிகனின் மேசையில் அந்த இரண்டும் தனித்தனியாகவா இருந்திருக்கும்?

சுவரில் ஒரு லத்தீன் வாசகம். வருத்தம் கலக்காத இன்பம் இல்லை என்பது சாரம். அடியில் அவர் பெயர். தன் அலுவலகச் சுவரில், தராசுக்கும் சாவிக்கும் நடுவே, இப்படி ஒரு வரியை எழுதி வைத்துக்கொள்கிற வியாபாரியை நினைத்துப் பாருங்கள். ரோஜா நிறப் பட்டுக் கை பளபளக்கிறது. அதைப் பார்த்துக் கண் நிறையும்போதே சுவர் முணுமுணுக்கிறது. ஸ்டீல்யார்டுக்காரர்களுக்கு இது புதிதும் அல்ல. தங்கள் மண்டபத்துக்கு என்று ஹோல்பைனிடமே செல்வத்தின் பவனி, வறுமையின் பவனி என்று இரண்டு பெரிய ஓவியங்களை வரைந்து வாங்கியவர்கள் அவர்கள். இரண்டும் அழிந்துவிட்டன, பிறர் எடுத்த நகல்களும் ஹோல்பைன் போட்ட கோட்டோவியம் ஒன்றும்தான் மிச்சம். பணம் சம்பாதிக்கிற இடத்திலேயே பணத்தின் தொல்லையைச் சுவர் முழுக்க வரைந்து மாட்டிக்கொள்ளும் அளவுக்கு அந்த ஆட்களுக்குத் தெம்பு இருந்திருக்கிறது.

சாமானே வேண்டாம், முகம் போதும் என்று ஒரு பெரிய கட்சி உண்டு. ரெம்ப்ராண்ட் கட்சி. என் நெருங்கிய நண்பர்களில் பலர் அந்தப் பக்கம்தான்; வயதாக ஆக எல்லோரும் அங்கேதான் வந்து சேர்வார்கள் என்று வேறு எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். இருட்டிலிருந்து ஒரு கிழவரின் நெற்றி எழுந்து வந்தால் எனக்கும்தான் தொண்டை அடைக்கும். ஆனால் அந்த முகம் எந்த ஊர், என்ன தொழில், யாருக்குக் கடன் என்று கேட்டால் பதில் வராது. வந்து நிற்பது மனிதகுலத்தின் துயரம். கீஸேயிடம் வருவது கீஸேயின் துயரம். காசு கொடுத்து வரையச் சொன்னவனுக்கு எது வேண்டும்?

வெறும் முகம் போதும் என்றால் அதையும் ஹோல்பைன் செய்து காட்டியவர்தான். டென்மார்க்கின் கிறிஸ்டினாவைப் பாருங்கள். 1538 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸில் மூன்று மணி நேரம் மட்டும் அமர அனுமதித்தாள் அந்தப் பதினாறு வயது விதவை. அதை வைத்து லண்டனில் வரைந்த முழு உருவத்தில் கறுப்பு உடை, வெறும் சுவர், இரண்டு கைகள், ஒரு மோதிரம். மேசையும் கிடையாது, பூவும் கிடையாது. எட்டாம் ஹென்றிக்குப் பெண் பார்க்க வரைந்த படம் அது. பேச்சுவார்த்தை முறிந்தது. எங்கே நிறைக்க வேண்டும், எங்கே காலியாக விட வேண்டும் என்பதை ஆளைப் பார்த்து முடிவு செய்தார் ஹோல்பைன். வணிகனுக்கு மேசை, துக்கம் காக்கும் இளவரசிக்குக் கை.

அந்த முடிவை அவர் தனியாக எடுக்கவும் இல்லை. தாமஸ் மோர் குடும்பப் படம் 18ஆம் நூற்றாண்டுத் தீ விபத்தில் போய்விட்டது. அதற்காகப் போட்ட கோட்டோவியம் பாசலில் இருக்கிறது. யார் யார், என்ன வயது என்று வானியலாளர் கிராட்ஸர் பக்கத்தில் எழுதியிருக்கிறார். வீட்டம்மாள் ஆலிஸ் மண்டியிடாமல் உட்கார வேண்டும், சுவரில் இசைக்கருவிகள் தொங்க வேண்டும் என்று ஹோல்பைன் கையெழுத்திலேயே குறிப்பு. ஓவியர் கேட்டார், வீட்டார் சொன்னார்கள், திருத்தினார்கள். அணிலும் மைனா இனத்துப் பறவையும் வைத்திருக்கும் பெண்ணின் படம் இன்னொரு சாட்சி. அந்த அணில் முதலில் திட்டத்திலேயே இல்லை, பின்னால் சேர்த்தது என்பது படத்தை ஆராய்ந்தவர்கள் முடிவு. அது அந்தப் பெண் சார்ந்த லவெல் குடும்பத்தின் சின்னம். பறவை அவர்களுடைய கிராமத்தின் பெயரைக் குறிப்பது என்று 2004இல்தான் அடையாளம் கண்டார்கள். அவ்வளவு நூற்றாண்டுகள் அது தெரியாமலே ஜனங்கள் அந்தப் படத்தை ரசித்தார்கள். அணில் கொட்டையைக் கொறிக்கிறது, சங்கிலி மின்னுகிறது, போதாதா? சின்னம் தெரியாதவனுக்கும் படம் நிற்க வேண்டும்.

இன்றைய படங்கள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. 2024 மே மாதம் திறந்துவைத்த மூன்றாம் சார்லஸ் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். லண்டனின் பழைய துணிவணிகர் சங்கமான டிரேப்பர்ஸ் கம்பெனிக்காக ஜோனதன் யோ வரைந்தது. முழுக்கச் சிவப்பு, தோளருகே ஒரு பட்டாம்பூச்சி. இளவரசர் அரசரானதன் உருமாற்றமாம். ஹோல்பைன் காலத்திலும் வணிகர் சங்கம்தான், இன்றும் வணிகர் சங்கம்தான். ஆனால் நூலுருண்டை இருந்த இடத்தில் இப்போது பட்டாம்பூச்சி. அது அங்கே எப்படி வந்தது, யார் வீட்டுத் தோட்டத்திலிருந்து வந்தது என்று எதுவும் தெரியாது. விளக்க உரையிலிருந்து நேராகப் பறந்து வந்து உட்கார்ந்திருக்கிறது. கெஹிண்டே வைலி 2018இல் தந்த ஒபாமா அதைவிட எவ்வளவோ மேல். அந்த நாற்காலி விளிம்பில் உட்கார்ந்த விதம், குறுக்கே வைத்த கைகள், அதில் ஒரு மனிதர் இருக்கிறார். பின்னால் இலைச்சுவரில் சிகாகோவுக்குச் செவ்வந்தி, ஹவாய்க்கு மல்லிகை, கென்யாவுக்கு நீல லில்லி. அழகுதான். ஆனால் மூன்றும் ஒரே உயரத்தில், ஒரே பளபளப்பில், முறைவைத்துப் பூத்திருக்கின்றன. எந்தப் பூவையும் யாரும் பறித்துக் குவளையில் வைக்கவில்லை.

நம் ஊர்ப் பழைய ஸ்டூடியோப் படங்களுக்கே இந்த விஷயத்தில் மதிப்பெண் கூடப் போடுவேன். தாத்தாக்கள் கைக்கடிகாரம் தெரியும்படி மணிக்கட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு, பக்கத்துச் சிறுமேசையில் கனத்த புத்தகம் ஒன்றின் மேல் விரலை ஊன்றி நிற்பார்கள். புத்தகம் ஸ்டூடியோக்காரருடையது, கடிகாரம் சிலருக்கு மைத்துனருடையது. பொய்தான். ஆனாலும் அந்த மணிக்கட்டின் விறைப்பு பொய்யில்லை. கடிகாரம் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட ஒரு மனிதர் அங்கே இருக்கிறார். இப்போது அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாக வரைந்து வாங்கும் படங்களில் அதுவும் இல்லை. போட்டோவில் சிரித்த முகத்தை அப்படியே பெரிதாக்கி, சுற்றிலும் பட்டம் வாங்கிய கட்டடம், பறக்கிற விமானம், குலதெய்வக் கோபுரம், பேரன் பேத்தி என்று சாதனைப் பட்டியலை ஒட்டி நிரப்பித் தருகிறார்கள். ஓவியரைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டில் அவ்வளவுதான் இருந்தது. படத்தில் இருப்பவரோடு ஒரு மணி நேரம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை.

ஆகவே, அப்பாவுக்கோ ஆசிரியருக்கோ உருவப்படம் வரையக் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விருதுகளின் பட்டியலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஓவியரை ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டு, படத்தில் வரப்போகிறவர் தினமும் உட்காரும் மேசையைக் காட்டுங்கள். துடைத்து ஒழுங்குபடுத்தாமல் காட்டுங்கள். கண்ணாடிக்கூட்டின் அடியில் மடித்துச் செருகிய மின்கட்டண ரசீது, ரப்பர்பேண்டு போட்ட டைரி, மூடி தொலைந்த பேனா, இதில் எதை வைப்பது எதை விடுவது என்று ஓவியர் முடிவு செய்யட்டும். அர்த்தம் கேட்காதீர்கள். கூலியை மட்டும் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.