நகையின் நிலைக்களனும் பந்தயச் சாலையும்

நகைச்சுவைத் திரைப்படம் ஆராய்ச்சிக்குரிய பொருளன்று என்பார் நம்மிடையே உளர். எண்வகை மெய்ப்பாட்டினுள் நகையை முதற்கண் வைத்த தொல்காப்பியனார்க்கு அக்கருத்து உடன்பாடாகாது. எள்ளல், பேதைமை, மடன், இளமை என்னும் நான்கினையும் நகையின் நிலைக்களனாக அவர் வகுத்தார். இந்நான்கும் தன்மாட்டும் பிறர்மாட்டும் தோன்றும் என்பது பேராசிரியர் உரையாற் பெறப்படும். இவ்வளவுகோலைக் கொண்டு அயல்நாட்டுப் பகடிப் படம் ஒன்றனை ஈண்டு ஆராய்ந்து, அது கரிசல் நாட்டார்க்கு உணர்த்துவது யாது எனக் காண்பாம்.

‘டல்லடேகா நைட்ஸ்’ 2006-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் வெளிவந்தது. ஆடம் மெக்கே இயக்கிய இப்படத்தை அவரும் தலைமை நடிகர் வில் ஃபெரலும் சேர்ந்து எழுதினர். இதன் களம் ‘ஸ்டாக் கார்’ பந்தயம். கடையில் விற்கும் காரையே பந்தயத்தில் ஓட்டுதல் என்பது அப்பெயரின் முதற்பொருள். இன்றோ அக்கார்கள் பந்தயத்திற்கெனவே கட்டப்படுகின்றன. 1948-இல் தோன்றிய நாஸ்கார் அமைப்பு இப்பந்தயங்களை நடத்திவருகின்றது. கள்ளச்சாராயம் கடத்திக் காவலர்க்குத் தப்பியோடிப் பழகியோரும் அதன் தொடக்ககால ஓட்டுநருள் இருந்தனர். தன்னை நகையாடும் இப்படத்திற்கு அவ்வமைப்பே ஒத்துழைப்பு நல்கிற்று என்பது கருதத்தக்கது.

கதைத் தலைவன் ரிக்கி பாபி. முதலாவதாக வாராதவன் கடைசியாக வந்தவனே என்று தந்தை ஒருநாள் சொல்லிச் சென்ற சொல்லை அவன் வாழ்நாள் முழுதும் வேதமாகக் கொள்கின்றான். விபத்தொன்றில் அச்சம் பற்ற, அவன் புகழும் மனைவியும் நண்பன்பாற் சென்றுவிடுகின்றன. பின்னொருநாள் அச்சொல்லைக் குறித்து வினவும்போது, அது மயக்கத்தில் உளறியது என்றும், இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வருதலும் கூடுமே என்றும் தந்தை கூறுகின்றான். பிறர் புகட்டியதைப் பற்றிக்கொண்டு விடாதிருத்தலே மடன் என்பது உரைமரபு. பேதைமையாவது அறிவின்மை. ரிக்கி தன் தொழிலை நன்கறிந்தவன். ஆகலின் அவன் பேதையல்லன், மடவோன். உடம்பில் தீப்பற்றாதிருக்கவும் பற்றியதாக எண்ணி, உள்ளாடையோடு ஓடித் தெய்வங்களைக் கூவும் காட்சியும் இம்மடனின் விரிவே.

இனி, பெருமிதத்திற்குத் தொல்காப்பியனார் கூறும் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பவற்றை நோக்குவோம். ரிக்கி மதிப்பது இசைமை ஒன்றையே. அதனையும் அவன் விற்றுவிட்டான். காரின் முன்கண்ணாடியை விளம்பரத்தாள் மறைக்கின்றது. உண்ணுமுன் செய்யும் வழிபாட்டிலும் ஒப்பந்தப்படி ஒரு பானத்தின் பெயர் ஒலிக்கின்றது. கொடையோ அவன் நண்பன் கால் நாட்டனிடம் உள்ளது. முன்செல்லும் காரை ஒட்டி ஓடும் காருக்குக் காற்றுத்தடை குறையும். இவ்வியல்பைப் பயன்படுத்தி ரிக்கியை முன்னே செலுத்திவிட்டுத் தான் இரண்டாமிடத்தில் நிற்பது அவன் வழக்கம். இறுதிப் பந்தயத்தில் ரிக்கியும் அவன் எதிரியாகிய பிரெஞ்சு ஓட்டுநனும் கார் சிதைந்தபின் இறங்கி எல்லைக்கோட்டை நோக்கி ஓடுகின்றனர். காரைவிட்டு நீங்கியமையால் இருவரும் விலக்கப்பட, வெற்றி கால் நாட்டனைச் சேர்கின்றது. படத்தின் நடுநிலை இம்முடிவில் வெளிப்படுகின்றது. அயலான் என்பதற்காகவே அப்பிரெஞ்சுக்காரனை நகும் இடங்கள் வெற்றெள்ளலாய்த் தாழ்கின்றன என்பதையும் கூறுதல் வேண்டும்.

அதே 2006-இல் தமிழில் வெளிவந்த ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ இதனோடு ஒப்பிடற்குரியது. சிம்புதேவன் இயக்கிய அப்படத்திலும் போலி வீரமும் பான விளம்பரமும் நகைக்கு ஆளாகின்றன. ஆயின் மடமையை ஓர் உடன்பிறந்தானிடத்தும் அறிவையும் மறத்தையும் மற்றோர் உடன்பிறந்தானிடத்தும் வைத்து, இரட்டையராகப் பிரித்துக்கொண்டது அப்படம். ரிக்கியிடத்தோ நகைக்குரியவனும் நம் அன்புக்குரியவனும் ஒருவனே. பின்னதே அரிய செயல் என்பது எம் துணிபு.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் சூழ்ந்த கரிசற் பகுதியில் கோயில் விழாக்களையொட்டி மாட்டுவண்டிப் பந்தயம் நிகழ்கின்றது. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு எனப் பிரித்து, ‘போக வர’ இத்தனை மைல் என வரையறுத்துச் சாலையிலேயே வண்டிகளை விடுவர். பரிசு வாங்கும் வண்டியை உரிமையாளர் பெயரோடும் ஊர்ப்பெயரோடும் அறிவிப்பர். இரண்டாம், மூன்றாம் பரிசுகளும் உண்டு; ஆதலின் ரிக்கியின் தந்தை சொன்ன சொல் இங்குச் செல்லாது. எனினும் இங்கு மடன் இல்லை என்றல் இயலாது. ஊர்ப்பெருமையும் குடிப்பெருமையும் சாரதியோடு வண்டியேறி வருவதை யார் அறியார்?

2014-இல் உச்சநீதிமன்றம் காளை விளையாட்டுகளைத் தடுத்தது; 2017-இல் தமிழ்நாடு சட்டத்திருத்தம் இயற்றியது; 2023-இல் அரசியல் சாசன அமர்வு அத்திருத்தத்தை ஏற்றது. இவ்வழக்காட்டிடையே இவ்விளையாட்டைப் பற்றிய பேச்சுப் போற்றுதலும் பழித்தலுமாக இரண்டாய்ப் பிரிந்தது. 2018-இல் வந்த ‘கடைக்குட்டி சிங்கம்’ ரேக்ளாப் பந்தயத்தைத் தலைவனின் வீரத்திற்கு அணியாக்கியது. தடைக்கு அஞ்சி நிற்கும் ஒன்றனை அதற்குரியோர் நகையாடத் துணியார். நகைத்தால் அது பழிப்போர் பக்கம் சேரும் என்று அஞ்சுவர். அவ்வச்சம் இயல்பே.

ஆயினும் தன்மாட்டுத் தோன்றும் நகை தன்னை இழிப்பதன்று. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலிற் பிறந்த கி. ராஜநாராயணன் தம் ஊராரின் பேச்சையும் பிழையையும் நகையோடு எழுதினார். அதனாற் கரிசல் மக்களின் பெருமை குன்றவில்லை, அவர்கள் வாழ்க்கை இலக்கியமாயிற்று. அவர் உரைநடையில் நாட்டிய அந்நகை பந்தயச் சாலைக்கு இன்னும் முழுமையாக வந்திலது. மாட்டையும் சாரதியையும் நேசிக்கும் ஒருவர், வண்டியேறிய வீண்பெருமையை மட்டும் இறக்கிவிடும் நகைப்படைப்பு ஒன்றைக் கரிசல் மண்ணிலிருந்து தருவாராயின், அது அவ்விளையாட்டிற்குப் புகழுரையினும் உறுதியான அரணாகும்.