விடைத்தாளும் திறனாய்வும்

இலக்கிய மாணவரின் விடைத்தாளுக்கு இடப்படும் புள்ளி அவரது அறிவை அளக்கின்றது என்பது பொது நம்பிக்கை. இலக்கியத்தை எவ்வாறு வாசிப்பது என்பதையும் அப்புள்ளியே கற்பிக்கின்றது என்பது போதிய கவனத்தைப் பெறவில்லை.

பட்டங்களை முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு எனப் பகுக்கும் முறை பிரித்தானியக் குடியேற்ற ஆட்சியின் வழிவந்தது. 1921இல் தொடங்கப்பெற்ற கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களுக்கு மாணவரை ஆயத்தஞ்செய்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகிய பின்னரும் அவ்வகுப்பு முறை நீடித்தது. இன்று தரப்புள்ளிச் சராசரி கணிக்கப்படினும், பல பீடங்களில் 3.70 முதலாம் வகுப்பாகவும் 3.30 மேற்பிரிவாகவுமே கொள்ளப்படுகின்றன. கணக்கு மாறியது, படிநிலை மாறவில்லை.

இம்முறையை முற்றாக நிராகரித்தல் வரலாற்று நோக்காகாது. பெயரை மறைத்துச் சுட்டெண்ணை மட்டும் தாங்கிய விடைத்தாள், குலமும் செல்வாக்கும் அற்ற மாணவருக்கு ஒரு பாதுகாப்பு. அந்த ஜனநாயகக் கூறு பேணப்படவேண்டியதே.

முரண்பாடு பிறிதோரிடத்திலுள்ளது. ‘சிலப்பதிகாரம் குடிமக்கள் காப்பியம்: ஆராய்க’ என்பது நமக்குப் பழக்கமான வினா. பாடக்குறிப்பை ஒழுங்காக மீட்டெழுதுபவர் புள்ளி பெறுகிறார். கோவலனும் கண்ணகியும் பெருவணிகர் குடியிற் பிறந்தவராயிருக்க, ‘குடிமக்கள்’ என்போர் யாவர் என வினவும் மாணவரோ, நேரம் போதாது விடையை முடிக்காமல் விடின், கீழ்ப்பிரிவில் நிற்க நேர்கிறது. மார்க்சியத் திறனாய்வுக்கும் இக்கதியே நேர்ந்துள்ளது. அடித்தளம், மேற்கட்டுமானம் என்னும் சொற்களை நூலோடு பொருத்திக் காட்டாமலே ஒப்புவித்துப் புள்ளி பெறலாமெனின், விமரிசனமுறை வெறும் வாய்பாடாகிவிட்டது என்பதே பொருள். இதற்கு நாமும் பொறுப்பாளிகளே.

இது ஒரு மாணவரின் நட்டத்தோடு முடிவதன்று. உயர்வகுப்புப் பெற்றவர்களிலிருந்தே விரிவுரையாளர் தெரிவாகின்றனர்; அவர்களே நாளை வினாத்தாள் ஆக்குவர். மீட்டெழுதுதலாற் சிறந்தவர் மீட்டெழுதுதலையே சிறப்பெனக் கொள்ளும் நிலை இவ்வாறு தன்னைத்தான் மறுவுற்பத்தி செய்கின்றது.

எனவே நாம் கேட்கவேண்டியது வகுப்புகளின் ஒழிப்பன்று. எதற்குப் புள்ளி வழங்கப்படுகிறது என்பது முன்கூட்டியே மாணவருக்குத் தெரிவிக்கப்படல் வேண்டும். நூலிலிருந்து சான்று காட்டித் தருக்கம் செய்வதற்கு உரிய பங்கு ஒதுக்கப்படல் வேண்டும். திருத்தியவரின் கருத்துரையுடன் ஒப்படைகள் மாணவர் கைக்கு மீளல் வேண்டும். பரீட்சகரின் தீர்ப்பும் விமரிசனத்துக்கு உட்படும்போதே இலக்கியக் கல்வி விமரிசனக் கல்வியாகும்.