டிரெட்மில் வாங்கும் முன்

மல்லசமுத்திரத்தில் எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகளில் டிரெட்மில் இருக்கிறது. ஒன்று தினமும் ஓடுகிறது. இன்னொன்றை மடித்து மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். மூன்றாவதன் கைப்பிடியில் ஈரத்துண்டு காய்கிறது. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வந்தவைதான். பிறகு ஏன் ஒன்று மட்டும் ஓடுகிறது?

அந்த வீட்டு அக்கா தறிக்குடோனில் கணக்கு எழுதுகிறவர். "வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள இருட்டிப்போயிருதுங்க. லாரி போற ரோட்டுல நா எங்க போயி நடக்கறது? நாய் வேற தொரத்துது" என்றார். எந்த நேரத்தில், வீட்டில் எந்த இடத்தில் நடக்கப்போகிறோம் என்று முடிவு செய்துகொண்டுதான் அவர் கடைக்கே போயிருக்கிறார். மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் கேட்டது, எத்தனை நாளில் எத்தனை கிலோ குறையும் என்று.

வீட்டுக்குள் நடக்கும் எந்திரத்தைப் பணக்காரர் சமாச்சாரம் என்று ஒதுக்குவது தவறு. 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்தது. நல்ல முயற்சிதான். ஆனால் பேரூராட்சியில் குடியிருக்கும் ஒரு பெண் இரவு எட்டு மணிக்கு அதைத் தேடிப் போக முடியாது. சித்திரை, வைகாசி வெயிலில் சேலம், நாமக்கல் பக்கம் பகலில் வெளியே நடப்பதும் ஆகாத காரியம். சுகர் இருப்பவருக்குச் சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் நடப்பது நல்லது. அதற்கு வழி செய்து கொடுப்பதுதான் இந்த எந்திரத்தின் பெரிய பலம்.

எடைக் கணக்கில்தான் அது ஏமாற்றுகிறது. 70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அரைமணி நேரம் நடந்தால் சுமார் 120 கலோரி செலவாகும். ஒரே ஒரு பரோட்டா சாப்பிட்டால் அதைவிடக் கூடுதலாகவே திரும்பி வந்துவிடும். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. சாப்பாட்டை மாற்றாமல் நடையை மட்டும் நம்பினால் ஒரு கிலோ குறையவே இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். இதைச் சொல்லி விற்றிருந்தால் அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் மனம் விட்டிருக்க மாட்டார்கள்.

வயிற்றை மட்டும் குறைப்பதாகச் சொல்லி விற்கும் கருவிகளின் கதை இன்னும் மோசம். 1984இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சிலர் 27 நாட்களில் மொத்தம் 5,004 முறை படுத்து எழுந்து வயிற்றுப் பயிற்சி செய்தார்கள். வயிற்றில் கொழுப்பணுக்கள் சுருங்கிய அளவுக்கே முதுகிலும் பிட்டத்திலும் சுருங்கியிருந்தன. உழைத்த இடத்தில் மட்டும் கொழுப்பு கரைவதில்லை. அப்படியிருக்க, சும்மா நிற்பவர் இடுப்பை அதிரவைக்கும் பெல்ட்டால் என்ன ஆகிவிடும்?

மோட்டார் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் ஏமாறுவதுதான் எனக்கு வருத்தம். போர்வெல் வண்டிக்குப் பேர்போன திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கிணற்று மோட்டார் வாங்கப் போனால் எத்தனை எச்பி, எத்தனை அடி ஆழத்திலிருந்து தூக்கும் என்று துருவித் துருவிக் கேட்கிறோம். டிரெட்மில் கடையில் அட்டையில் போட்டிருக்கும் பெரிய எண்ணை அப்படியே நம்பிவிடுகிறோம். அது பெரும்பாலும் ஒரு கணம் மட்டும் எட்டும் உச்சத் திறன். தொடர்ந்து ஓடும்போது எத்தனை எச்பி என்பதே கேட்க வேண்டிய கேள்வி. எத்தனை கிலோ எடையைத் தாங்கும், பெல்ட் 16 அங்குலமாவது அகலம் இருக்கிறதா, பழுதானால் ஆள் எங்கிருந்து வருவார் என்பதையும் கேளுங்கள். கடையிலேயே பத்து நிமிடம் நடந்தும் பாருங்கள்.

இன்னொரு பெரிய குறை, டிரெட்மில் பாதி வேலையைத்தான் செய்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் தந்த பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலு தரும் பயிற்சியும் வேண்டும். நடையால் அந்த இரண்டாவது பாதி நிறைவேறாது. அதற்குச் செலவும் அதிகமில்லை. ஒரு ஜோடி டம்பெல், ஒரு ரப்பர் பேண்ட் போதும். எதுவுமே இல்லாமல் தண்டாலும் பஸ்கியும் எடுக்கலாம்.

நம் பழைய கர்லாக்கட்டையும் இந்த வரிசையில் வரும். தோள், மணிக்கட்டு, முதுகு மூன்றையும் ஒரே சுழற்சியில் வேலை வாங்கும் கருவி அது. ஆனால் பெருமைக்காக மட்டும் வாங்கக் கூடாது. பிடியும் சுழற்றும் வழியும் தெரிந்த ஒருவரிடம் கற்றுக்கொள்ளாமல் சுற்றினால் தோள் பிசகும். மின்விசிறி தொங்கும் சின்ன அறைக்கும் அது ஒத்துவராது. ஸ்கிப்பிங் கயிறு விலை குறைவு, உழைப்பு அதிகம். ஆனால் எடை கூடியவர்களின் முழங்கால் அதைத் தாங்காது. அவர்களுக்கு உடற்பயிற்சி சைக்கிள் நல்லது. பெடல் கீழே போகும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்கும்படி சீட்டின் உயரத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே எதை வாங்குவது என்பதற்கு முன்னால் ஒரு மாதம் எதையும் வாங்காதீர்கள். குறித்த நேரத்தில் மொட்டைமாடியில் அரைமணி நடங்கள், பத்து பஸ்கி எடுங்கள். அந்த நேரம் உங்கள் வீட்டில் நிலைத்துவிட்டால் கருவி அதில் வந்து பொருந்திக்கொள்ளும். நேரம் இல்லாத வீட்டில் எந்தக் கருவி வந்தாலும் மாடிப்படிக்குக் கீழேதான் போகும்.

அந்த அக்கா இரண்டு வருஷத்தில் நான்கு கிலோதான் குறைந்திருக்கிறார். "முன்ன மாதிரி படி ஏறுனா மூச்சு வாங்கறதில்லீங்க" என்கிறார். இரவு எட்டரைக்கு அவர் வீட்டு ஜன்னல் வழியாகப் பெல்ட் ஓடும் சத்தம் இன்றைக்கும் கேட்கிறது.